பிள்ளையார் படத்துக்குப் பின்னால் என் பெறுபேறு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அத்தாட்சி இருக்கிறது, லாமினேற் செய்து வைத்திருக்கிறேன்.

வெளிநாடு வருவதற்காகக் கொழும்பில் ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் திரிந்த நாட்களில், வெள்ளவத்தையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்குப் போனேன். கையில் இரண்டு தாள்கள். ஒன்று சாதாரண தரச் சான்றிதழ், மற்றது உயர்தரப் பெறுபேறு. கடைக்காரர் கேட்டார்: "தம்பி, தனித்தனியாப் போடவோ, சேர்த்துப் போடவோ?" நான் கெட்டிக்காரன் அல்லவா? "சேர்த்தே போடுங்கோ அண்ணை, பயணத்தில பாரம் குறையட்டும்" என்றேன். இரண்டு தாளையும் முதுகோடு முதுகாக ஒட்டி, சுடச்சுடப் பிளாஸ்ரிக்குக்குள் அனுப்பி, என் கையில் தந்தார். பாரம் எத்தனை கிராம் குறைந்தது என்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாரத்தைத்தான் சுமக்கிறேன்.

முன்பக்கம் பார்த்தால் நான் ஒரு மேதை. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு விசேட சித்தி, அதாவது டி. பின்பக்கம் திருப்பினால் உயர்தரம், நான்கு பாடங்கள். பௌதிகவியலில் ஒரு சாதாரண சித்தி. மற்ற மூன்றும் எஃப். ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று எஃப், பஸ் தரிப்பில் வரிசையில் நிற்பதுபோல.

முன்பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் பின்பக்கத்தையும் காட்டியே ஆகவேண்டும். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் போன மாதம், ஐம்பத்து மூன்று வயதில், லண்டனில் ஒரு கொலீஜில் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து நான் சோதனை எழுதினேன்.

2

நான் ரெய்னர்ஸ் லேனுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் செட்டில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு நான் "எரிபொருள் துறையில் முகாமைத்துவம்" என்று சொல்லியிருப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து "எத்தனையாவது பம்ப்?" என்று கேட்பதுதான் அந்த முகாமைத்துவம்.

எட்டுப் பம்ப் இருந்தது. போன மாசியில் இரண்டைக் கழற்றிவிட்டு, மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பங்களை நட்டார்கள். அந்தக் கம்பங்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆட்கள் வருகிறார்கள், குத்துகிறார்கள், போனைத் தடவுகிறார்கள், போகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நான் கை காட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த வருடம் மிச்சத்தையும் மாற்றப்போவதாகவும், இரவு ஷிப்ட்டுக்கு ஆள் தேவைப்படாது என்றும் முதலாளி மிகவும் அன்பாகச் சொன்னார். இந்த நாட்டில் அன்பாகச் சொன்னால் பயப்பட வேண்டும்.

இதைக் குகனிடம் சொன்னேன். குகன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது ஈஸ்ட் ஹாமில் எலக்ட்ரீஷியன். ஹை ஸ்ட்ரீட்டில் சேலைக்கடையோ நகைக்கடையோ, லைட் மின்னினால் குகனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வான் வண்டி, வண்டியில் பெயர், ஏணி எல்லாம் உண்டு. அவன் அதிகம் கதைக்கமாட்டான். வயர் வெட்டுவதுபோல வெட்டி வெட்டித்தான் கதைப்பான்.

"உந்தக் கம்பத்தை நடுறவனா மாறு," என்றான். "கொலீஜில எலக்ட்ரிக்கல் கோர்ஸ் இருக்கு. பின்னேரத்தில. லெவல் ரூ, ரெண்டாம் படி, எடு. நான் உன்னை வானில ஏத்துறன்."

"இந்த வயசிலயோ?"

"உனக்குக் கிழமை முழுக்கச் சும்மா இருக்கிற வயசும் வரேல்லை."

விண்ணப்பித்தேன். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் இன்ன தரம் இருப்பதற்கான மூலச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ் என்றாலும் பரவாயில்லை, பார்ப்போம். இல்லாவிட்டால் எங்கள் ஆரம்ப மதிப்பீட்டுச் சோதனைக்கு இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சோதனை.

குகன் சொன்னான்: "ஓ/எல் மட்ஸுக்கு உனக்கு டி தானே. அதைக் கொண்டுபோய்க் காட்டு. இங்கிலிசும் பாஸ். சோதனையே தேவையில்லை."

அவனுக்கு என் முன்பக்கமும் தெரியும், பின்பக்கமும் தெரியும். அந்தத் தாள் என் வீட்டில் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

3

அது சாமி அலுமாரியில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. பதினேழு வருடங்களாக. அதாவது என் மகள் ஆரணி பிறந்த நாளிலிருந்து.

ஏன் ஒளித்தேன்? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் போக சோதனை பாஸ் பண்ணினால் மட்டும் போதாது. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு. யாழ்ப்பாணத்துக்கு அது உயரத்தில் நிற்கும். தரப்படுத்தல் என்று அதற்குப் பெயர். நல்லாய்ப் படித்த எத்தனையோ பேர் அதில் அகப்பட்டு வீட்டில் நின்றார்கள். அது உண்மையான அநியாயம். அந்த அநியாயத்தின் நிழலில் நல்லாய்ப் படிக்காத சிலரும் போய் ஒதுங்கி நின்றார்கள். அதில் ஒருவன் நான்.

"ரெண்டே ரெண்டு புள்ளியால கம்பஸ் போச்சுது. தரப்படுத்தல்!" இதை நான் முதன்முதலில் யாரிடம் சொன்னேன் என்று ஞாபகமில்லை. விமானத்தில் பக்கத்துச் சீற்றில் இருந்தவரிடமாக இருக்கலாம். லண்டனில் சொல்லிச் சொல்லி அது நன்றாகப் பழகிவிட்டது. கலியாணம் பேசிய தரகர் அதைச் சுபாவின் வீட்டில் சொன்னார், எனக்கு மதிப்பு ஏறியது. பிறந்தநாள் விழாக்களில் சொன்னேன், பெருமூச்சு விட்டார்கள். யாராவது சந்தேகப்படுவதுபோலப் பார்த்தால் என் சோதனைச் சுட்டெண்ணை எண் எண்ணாகச் சொல்லிக் காட்டுவேன். எங்கள் ஆட்கள் கலியாண நாளை மறந்தாலும் சுட்டெண்ணை மறக்கமாட்டார்கள். சுட்டெண் சொல்கிறவன் பொய் சொல்வானா?

ஆரணி வளர்ந்தபோது இந்தக் கதைக்குப் புது வேலை வந்தது. "எங்களுக்குக் கதவைப் பூட்டிப்போட்டாங்கள். உனக்கு எல்லாம் திறந்து கிடக்கு. ஏன் பிள்ளை படிக்கிறாய் இல்லை?" வாரத்துக்கு மூன்று முறை, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. அவள் படித்தாள். அதனால்தான் வந்தது வினை.

அவளுடைய பள்ளிக்கூடத்தில், விரும்பிய ஒரு பொருளை எடுத்து ஐயாயிரம் சொல்லில் ஆய்வு எழுதலாமாம். மற்றப் பிள்ளைகள் கடலில் பிளாஸ்ரிக் என்றும் காற்பந்தாட்டம் என்றும் எடுத்தார்கள். என் மகள் எடுத்தது தரப்படுத்தல். முக்கியச் சாட்சி: அப்பா.

"அப்பா, உங்கட ரிசல்ட் ஷீட்டைப் பின்னிணைப்பில போடவேணும்," என்றாள். அவள் கதைப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில். நான்தான் இங்கே தமிழாக்கித் தருகிறேன். தமிழாக்கத்தில் தெரிகிற மரியாதை என் பங்களிப்பு.

"அது இடப்பெயர்வில துலைஞ்சு போச்சு பிள்ளை," என்றேன். பிள்ளையார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முதுகில் அது இருந்தது.

அதே வாரம்தான் கொலீஜ் மின்னஞ்சலும் வந்தது. ஒரே வீட்டில் ஒரே தாள் ஒரு ஆளுக்குத் தொலைந்தும் இன்னொரு ஆளுக்கு இருந்தும் கிடக்க முடியாதே. ஆகவே கொலீஜ் படிவத்திலும் எழுதினேன்: சான்றிதழ்கள் போரில் தொலைந்துவிட்டன. உடனே மிகவும் இரக்கமான பதில் வந்தது. கேட்கவே மனவருத்தமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள், வியாழக்கிழமை பத்து மணிக்குச் சோதனைக்கு வாருங்கள்.

4

சோதனை என்றதும் என் உடம்பில் யாழ்ப்பாணம் விழித்துக்கொண்டது. கடந்தகால வினாத்தாள் எங்கே எடுக்கலாம்? யார் ரியூசன் கொடுக்கிறார்கள்? எதிர்பார்க்கை வினாக்கள் உண்டா?

"அப்பா, ரிலாக்ஸ். இது எக்ஸாம் இல்லை. உங்கட லெவல் என்னெண்டு சும்மா பாக்கினம், அவ்வளவுதான்."

"லெவல் பாக்கிறதைத்தானே பிள்ளை சோதனை எண்டு சொல்லுறது?"

அவள் பெருமூச்சு விட்டு, சமையலறை மேசையில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். ஐந்து நாள் அவள் எனக்கு ரியூசன் மாஸ்டர். நான் அவளுக்கு அடித்த ஒவ்வொரு வசனமும் திரும்பி வந்தது. "போனை அங்கால வையுங்கோ." "விளங்காட்டில் கேளுங்கோ, தலையை ஆட்டாதேங்கோ." "உங்களுக்கு எல்லாம் திறந்து கிடக்கு, ஏன் படிக்கிறீங்கள் இல்லை?" இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சுபாதான் இடியப்ப உரலை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கணக்கு எனக்கு வந்தது. இதுதான் அதிசயம். ஒரு அறைக்கு எத்தனை தளஓடு, ஒரு மருந்தை எத்தனை மடங்கு தண்ணீரில் கலப்பது, எல்லாம் வாயால் செய்தேன். ஆரணி நிறுத்தற்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரன்."

அந்த 'உண்மையிலேயே' எனக்கு முள்ளாய்க் குத்தியது.

"அநியாயம் என்ன," என்று அவள் தொடர்ந்தாள். "இவ்வளவு செய்யிற ஆளைப் போய்... ரெண்டு புள்ளிக்கு." அவளுடைய கண் கொஞ்சம் கலங்கியது. எனக்காக ஒரு ஆள் கலங்குகிறது! நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. "கொஞ்சம் பிளேன்ரீ போடட்டோ?" என்று கேட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"அப்பா, ஒரு நல்ல விஷயம். இலங்கை ரிசல்ட்டை இப்ப ஒன்லைனில விண்ணப்பிச்சு எடுக்கலாமாம். நான் எல்லாம் நிரப்பிப்போட்டன். சுட்டெண்ணும் போட்டிட்டன்."

"சுட்டெண் உனக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்பா. எனக்கு அது நாலு வயசிலயே பாடம்."

சொன்னாள். எண் எண்ணாக, ஒரு பிழை இல்லாமல்.

"உங்கட பழைய அடையாள அட்டை நம்பர் மட்டும்தான் வேணும். அது வந்தால் எனக்கும் பின்னிணைப்புச் சரி, உங்கட கொலீஜுக்கும் சரி."

"அதைத் தேடவேணும்," என்றேன். "நாளைக்குச் சோதனை முடியட்டும்."

அந்த நம்பரும் எனக்குப் பாடம்தான்.

5

கொலீஜில் சோதனை நடத்தியவர் பற்றீசியா என்ற பெண்மணி. கானா நாட்டவர், பெரிய காதுவளையம், பெரிய சிரிப்பு. பதினைந்து பேர் இருந்தோம். என் பக்கத்துக் கதிரையில் சிகையலங்காரம் படிக்க வந்த ஒரு இளம் பெண், தலைமயிரில் மூன்று நிறம். நான் நான்கு பேனை, இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர், கவராயப் பெட்டி, நெற்றியில் திருநீறு சகிதம் போயிருந்தேன். பேனை தேவையில்லை, எல்லாம் கணினியில் என்றார் பற்றீசியா. கவராயப் பெட்டியைப் பார்த்து, "இது எதற்கு?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

இந்தச் சோதனை ஒரு தினுசானது. சரியாகச் செய்யச் செய்ய அடுத்த கேள்வி கஷ்டமாகும். பிழை விட்டால் அடுத்தது இலேசாகும். என் வாழ்க்கையில் இவ்வளவு இரக்கமுள்ள ஒரு சோதனையை நான் கண்டதில்லை. ஆனால் இரக்கத்திலும் ஒரு சித்திரவதை உண்டு. ஒரு கேள்வி இலேசாக வந்தாலே நெஞ்சு திக்கென்றது: போன கேள்வி பிழை! இலேசான கேள்வியைக் கண்டு நடுங்கிய மாணவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

கணிதம் கஷ்டமாகிக்கொண்டே போனது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆங்கிலத்தில் வாசிப்பும் ஒரு மாதிரிப் போனது. உடற்பயிற்சி நிலையத்தில் சேருவது பற்றி ஒரு துண்டுப்பிரசுரம். சேர எனக்கு விருப்பமில்லை என்றாலும் விளங்கியது.

கடைசியாக எழுத்து. உங்கள் தெருவில் மூன்று கிழமையாகக் குப்பை எடுக்கவில்லை. கவுன்சிலுக்கு முறைப்பாட்டு மின்னஞ்சல் எழுதுக.

இதற்குத்தானே நான் பிறந்தது! பள்ளிக்கூடத்தில் ஆங்கில மாஸ்டர் கடிதம் எழுதுவதைத் தலையில் குட்டிக் குட்டி ஏற்றியிருந்தார். அது அப்படியே உள்ளே இருந்தது. விரல் தானாக அடித்தது. கனம் ஐயா அவர்களுக்கு, தங்கள் பொன்னான நேரத்தை எடுப்பதற்கு என்னை மன்னிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும் என்பதை அறிவேன். குப்பை மூன்று கிழமையாகக் கிடப்பது ஒருவேளை எங்களுடைய தவறாகவும் இருக்கலாம். தங்கள் மேலான கருணையினால் ஒரு வாகனம் வருமாயின் என் குடும்பம் என்றென்றும் நன்றியுடையதாக இருக்கும். பந்திக்குப் பந்தி இன்னொரு மன்னிக்க வேண்டும். இங்ஙனம் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். மூன்று நிறத் தலை எப்போதோ முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

6

அரை மணித்தியாலத்தில் பற்றீசியா பெயரைக் கூப்பிட்டார். என் பெயரின் கடைசிப் பாதியை அவர் விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நானே அதை விட்டுப் பழகிவிட்டேன்.

"கணிதம் மிக நன்று. லெவல் ரூ. கோர்ஸுக்குத் தேவையானதைவிடக் கூட," என்றார். "வாசிப்பு லெவல் வன், போதும். எழுத்து..." என் மின்னஞ்சலை அச்சடித்து வைத்திருந்தார். ஒரு சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகச் சுழித்திருந்தார். "ஆறு தரம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். குப்பை எடுக்காதது அவர்கள்தானே?"

"ஓம். யெஸ்."

"எந்தத் தெரு என்று எழுதவில்லை. எப்போதிருந்து என்று எழுதவில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் நேராகக் கேட்கவில்லை." பிறகு சிரித்தார். "ஆனால் என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையான முறைப்பாட்டை வாசித்ததில்லை. எங்கள் நாட்டிலும் முந்தி இப்படித்தான் படிப்பித்தார்கள்."

முடிவு இதுதான்: இடம் உண்டு. ஆனால் செவ்வாய் பின்னேரங்களில் எழுத்து வகுப்புக்கு வர வேண்டும். அங்கே சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லப் பழக்குவார்களாம். வகுப்புக்கு வராவிட்டால் இடம் போய்விடும்.

சிவப்புச் சுழி போட்ட என் மின்னஞ்சலோடு பெறுபேற்றையும் ஒரு தாளில் அச்சடித்துத் தந்தார். பஸ்ஸின் மேல்தட்டில் முன்சீற்றில் இருந்து அதைப் பார்த்தேன். பெயர், திகதி, கணிதம், வாசிப்பு, எழுத்து. எழுத்துக்கு நேரே கொஞ்சம் குறைவு. மறைக்க ஒன்றுமில்லை. பழக்கதோஷத்தில் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை. ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளையை நான் இரண்டு பஸ் தரிப்பு தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் தரிப்பும் அதில் ஒன்று. இறங்கித் திரும்பி நடந்தேன்.

7

வீட்டில் ஆரணி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த விண்ணப்பத்தில் ஒரே ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது.

கொலீஜ் தாளைக் கொடுத்தேன். வாசித்தாள். முறைப்பாட்டு மின்னஞ்சலையும் வாசித்தாள். சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். "கீழ்ப்படிவுள்ள ஊழியன்! அப்பா, குப்பைக்காரருக்கு!" சுபாவும் வந்து வாசித்தாள். "எனக்கு ஒரு நாளும் இப்பிடி ஒரு கடிதம் எழுதேல்லை," என்றாள்.

நல்ல நேரம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு வருடம் இப்படியே ஓட்டலாம்.

"நம்பர் தாங்கோ அப்பா," என்று விரலைத் தட்டச்சில் வைத்தாள்.

நான் சாமி அலுமாரியைத் திறந்தேன். பிள்ளையாரைக் கொஞ்சம் முன்னால் சரித்துக் கையை உள்ளே விட்டேன். பதினேழு வருடத்து விபூதி ஒட்டியிருந்தது. சட்டை நுனியில் துடைத்துவிட்டு மேசையில் வைத்தேன். பின்பக்கம் மேலே தெரிய வைத்தேன். செவ்வாய்க்கிழமை வகுப்பு இன்னும் தொடங்கவில்லை, ஆனாலும் நேராகச் சொல்ல வேண்டியதை அப்படித்தான் வைக்கத் தெரிந்தது.

சுபாதான் முதலில் கிட்ட வந்தாள்.

"அதுதானே பாத்தன். பிள்ளையார் எப்பவும் கொஞ்சம் முன்னுக்குச் சரிஞ்சு நிக்கிறார் எண்டு." கண்ணாடியைப் போட்டுக் குனிந்து வாசித்தாள். "மூண்டோ? மூண்டு எஃப்போ? எங்கட அப்பாவுக்குத் தரகர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'மாப்பிள்ளை மயிரிழையில கம்பஸ் தவறினவர்.' அப்ப நானும் தரப்படுத்தலால பாதிக்கப்பட்டவள்தான். ஆரணி, என்னையும் பின்னிணைப்பில போடு."

ஆரணி சிரிக்கவில்லை. விரலால் ஒவ்வொரு எஃப்பையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காரணம் சொல்லத் தொடங்கினேன். அந்த நாளில் கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, மேலே குண்டு போடுற பொம்பர் சுத்தும். எல்லாம் உண்மை. ஆனால் அதே விளக்கில் மற்றவர்கள் படித்தார்களே. பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அப்ப அந்த ரெண்டு புள்ளி?" என்றாள்.

இதைத்தான் நான் பயந்தது. எஃப்பைவிட.

"அது குகன் மாமான்ரை."

அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கு. எனக்குப் பெறுபேறு வந்த அன்றே எல்லாம் முடிந்தது. குகனுக்கு நான்கு பாடமும் நல்ல சித்தி. இன்ஜினியரிங் என்று வாத்திமார் எல்லாரும் கை கொடுத்தார்கள். பிறகு வெட்டுப்புள்ளி பேப்பரில் வந்தது. சந்தியில் சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு புள்ளி. அவன் பேப்பரை மடித்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நன்றி அண்ணை" என்று சொன்னான். அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் கதைத்ததில்லை. யாராவது தரப்படுத்தல் பற்றித் தொடங்கினால் எழும்பிப் போய் அந்த வீட்டு பியூஸ் பெட்டியைப் பார்ப்பான். அவன் சொல்லாமல் விட்டதைத்தான் நான் எடுத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் வைத்திருந்தும் பாவிக்காத சாமான்தானே என்று நினைத்தேனோ என்னவோ.

"அவரிட்டைக் கேட்டனீங்களோ?"

"என்னத்தை?"

"எடுக்கலாமோ எண்டு."

"இல்லை."

"பள்ளிக்கூடத்தில இதைச் செய்தால் என்ரை முழுப் பேப்பரையும் ரத்துச் செய்வினம்," என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் உங்களுக்காகப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறன். நான் அழுதனான் அப்பா."

அதற்கு என்னிடம் பகிடி இருக்கவில்லை. இதை எழுதும்போதும் தேடிப் பார்த்தேன், இல்லை.

அவள் மடிக்கணினியை மூடினாள். எழும்பிப் போகும்போது அந்த லாமினேற் தாளையும் கையோடு கொண்டு போனாள். படியில் நின்று திரும்பிச் சொன்னாள்: "அவரிட்டைக் கேளுங்கோ. அவர் ஓமெண்டால் நான் அவரைப் பேட்டி எடுக்கிறன். இல்லையெண்டால் இந்தத் தலைப்பையே விடுறன். அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லவேணும்."

சுபா ரெலிபோனை எடுத்து என் கையில் வைத்தாள். "இஞ்சாருங்கோ, மன்னிப்பு ஒரு தரம் கேட்டால் காணும். ஆறு தரம் வேண்டாம்."

குகன் எடுத்தான். பின்னால் துளையிடும் சத்தம். ஏதோ நகைக்கடையில், ஏணியில் நின்றான்.

"என்ன, பாஸோ பெயிலோ?" என்றான்.

"இடம் தந்திட்டினம். மச்சான், இன்னொரு விஷயம். நிக்கிறாயோ, இறங்கிறியோ?"

"சொல்லு. நிக்கிறன்."

நேராகச் சொன்னேன். எந்தத் தெரு, எப்போதிருந்து, என்ன செய்ய வேண்டும், எல்லாம். இருபத்திரண்டு வருடமாக உன்ரை ரெண்டு புள்ளியை என்ரை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். தரகருக்குச் சொன்னன். மனிசிக்குச் சொன்னன். பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தன். இப்ப அவள் அதை வைச்சு ஒரு ஆய்வு எழுதுறாள். உண்மை தெரிஞ்சிட்டுது. அவளுக்கு உன்னோட கதைக்க வேணுமாம். மன்னிச்சுக்கொள். உன்ரை பிள்ளையளுக்கு நீ சொல்லியிருப்பாய்தானே, அதையே அவளுக்கும் ஒருக்காச் சொல்லு.

துளையிடும் சத்தம் நின்றது. வேறொரு ஆள் ஏதோ கேட்க, "ஒரு நிமிசம்" என்று அவன் சொன்னது கேட்டது. ஏணியில் இரண்டு படி இறங்கும் சத்தமும் கேட்டது.

"நான் என்ரை பிள்ளையளுக்குப் பெயில் எண்டுதான்ரா சொன்னனான்," என்றான் குகன்.